உன் அம்மா மேயருக்கு நின்ற கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போதெல்லாம் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீயும் மாப்பிள்ளையும், உனக்குள்ளே இருந்து உதைத்துக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்கள் இருவருக்கும் வருகிற முதல் நினைப்பு. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, இனி படுத்தே கிடக்க வேண்டாம், மெல்ல நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகப் போன வாரம் மாப்பிள்ளை போனில் சொன்னார். கேட்டதும் அம்மா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை, நான் எட்டிப் பார்த்தேன்.

டாக்டர் அப்படிச் சொன்னதால்தான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். இரண்டு மாதமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டோம் கண்ணு. பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மா நம் ஊர் மேயர் தேர்தலில் நின்றாள். என்ன ஆயிற்று என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், சின்ன வயதில் கதைப் புத்தகத்தில் செய்வாயே, அதுபோலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே. நீ படுக்கையில் இருக்கிறாய், இதைக் கேட்டால் படபடப்பு வரும் என்று நாங்கள் மூன்று பேரும் பேசி வைத்துத்தான் மறைத்தோம், மூன்றாவது ஆள் மாப்பிள்ளை, அவரைத் திட்டாதே. நீ ஒரு நாள் போனில் என்ன அங்கே ஒரே சத்தம் என்று கேட்டாயே, எதிர்வீட்டு ரேடியோ என்று சொன்னேனே, அது ரேடியோ இல்லை, ஒலிபெருக்கி வேன். உன் அம்மாவுக்கு ஓட்டுப் போடச் சொல்லி நம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லாததால் உடனே போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

எப்படி ஆரம்பித்தது என்றால், எல்லாம் அந்தத் தொழில் உரிமத்தால் வந்தது. அம்மாவின் தையல்கூடத்துக்குப் பக்கத்து அறை காலியானது உனக்குத் தெரியும். அதையும் எடுத்து இன்னும் நாலு மெஷின் போட்டால் ஆஸ்பத்திரிச் சீருடை ஆர்டரையும் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்கு உரிமத்தில் ஒரு வரி திருத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு நகர அலுவலகத்தில் ஆறு மேசை. ஒன்றாம் மேசை நான்காம் மேசையைக் கேட்கச் சொல்லும், நான்காம் மேசை லீவில் இருக்கும், லீவு முடிந்து வந்தால் இது பழைய படிவம் என்று ஒன்றாம் மேசைக்கே திருப்பி அனுப்பும். பதினான்கு தடவை போனாள். பதினான்காவது தடவை மூன்றாம் மேசைக்காரரிடம் எந்த மேசையில் எந்தக் கையெழுத்து, அது ஏன் தேவையில்லை, ஆறையும் ஒன்றாக்கினால் எத்தனை பேருக்கு நேரம் மிச்சம் என்று விலாவாரியாகப் பேசியிருக்கிறாள். அவர் பாவம், நல்ல மனிதர், அலுத்துப் போய், "இவ்வளவு விவரம் பேசுறீங்களேக்கா, பேசாம நீங்களே மேயருக்கு நின்னுடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவள் சிரிக்கவில்லை. "அதுக்கு ஃபார்ம் எந்த மேசையில தருவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். "அதுக்கு மட்டும் ஒரே மேசைதான்கா, வாசல் பக்கம்" என்று அவர் சொல்ல, நேராகப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ரொட்டிப் பொட்டலத்தையும் அந்தப் படிவத்தையும் ஒன்றாக மேசைமேல் வைத்தாள். நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தேன், ரொட்டி கையிலேயே நின்றுவிட்டது.

வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நமக்கு எதுக்கும்மா இதெல்லாம், கட்சியா இருக்கு, ஆளா இருக்கு என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்து, "என்னங்க, கடைத்தெரு ரெண்டு வருஷமா எப்படி இருக்குன்னு பாக்குறீங்கல்ல" என்று மட்டும் சொன்னாள். உண்மைதான். நீ போன பிறகு பேருந்து நிலையத்தைப் புறவழிச் சாலைக்கு மாற்றினார்கள், அதிலிருந்து கடைத்தெருவுக்கு வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. ஆறு மணிக்குமேல் தெருவுக்குள் பேருந்து வராது, கடை மூடுவது எட்டு மணிக்கு. அம்மாவிடம் வேலை பார்க்கும் பதினொரு பெண்களில் மூன்று பேர் இருட்டில் புறவழிச் சாலைவரை நடந்து போக பயந்துகொண்டு வேலையை விடப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். பொத்தான் தைக்கும் பெண்ணை உனக்கு நினைவிருக்கும், உன் கல்யாணச் சட்டைக்கு நாற்பது முத்துப் பொத்தான் வைத்தவள், அவளும் அதில் ஒருத்தி. பழைய பேருந்து நிலையமோ பூட்டிக் கிடக்கிறது, உள்ளே நாயும் காலி பாட்டிலும்தான்.

எதிர்த்து நின்றவர்களில் பெரிய ஆள் நம் சிமெண்ட் கடை அண்ணன். கெட்டவர் என்று சொல்ல முடியாது, வெள்ளம் வந்தபோது தன் லாரியில் ஊருக்கே சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். அவருடைய திட்டம் பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு ஐந்து மாடியில் வணிக வளாகம். கலரில் படம் வரைந்து ஊர் முழுக்க ஒட்டிவிட்டார், படத்தில் கண்ணாடிச் சுவரும் மரமும் பலூன் வைத்திருக்கும் குழந்தையும் இருந்தன. அதைப் பார்த்ததும் நம் பக்கத்திலும் ஒரு பட்டியல் போட வேண்டும் என்று நானும், அம்மாவின் தையல்கூடத்துக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரும், இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து இருபத்தேழு வாக்குறுதி எழுதினோம். இருபத்தேழாவது விமான நிலையம், அது ஜெராக்ஸ் கடைக்காரரின் ஆசை. அம்மா படித்துப் பார்த்தாள். "அளவே எடுக்காம துணியை வெட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்குக் கழுத்தில் அளவு டேப்பும் கையில் நோட்டுமாகக் கடை கடையாகப் போனாள். ஓட்டுக் கேட்கவில்லை. "உங்க தொழிலுக்குக் குறுக்கே நிக்கிற முதல் விஷயம் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நூற்று அறுபது கடை, பதினெட்டு நாள். நான்தான் கூடப் போனேன், குடை பிடிக்கவும் தண்ணீர் பாட்டில் தூக்கவும். முப்பது வருடம் வெல்டிங் பட்டறையில் நின்ற கால் அந்தப் பதினெட்டு நாளில்தான் வலித்தது.

கடைசியில் மூன்று வேலை என்று முடிவு செய்தாள். ஒன்று, தொழில் உரிமத்துக்கு ஒரே மேசை, ஒரே படிவம், பத்து நாளில் பதில். இரண்டு, கடை மூடும்வரை கடைத்தெருவுக்குள் சுற்றிப் போகிற பேருந்து. மூன்று, பழைய பேருந்து நிலையத்தை இடிக்காமல் சுத்தம் செய்து சின்னச் சின்னத் தொழிலறைகளாகப் பிரித்துக் கொடுப்பது, டிக்கெட் கவுன்ட்டர் இருந்த கூடத்தில் வேலைக்கு வரும் பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக ஒரு அறை. அந்த அறையில் ஜன்னல் எங்கே வர வேண்டும் என்பதுவரை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். துண்டுச் சீட்டில் இந்த மூன்றுதான் அச்சடித்தோம், மீதி இடம் வெற்றாக இருந்தது. இடம் காலியாக இருக்கிறதே என்று ஜெராக்ஸ் கடைக்காரர் அச்சடிக்கும்வரை புலம்பினார்.

அது கொஞ்சம் எடுபட ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் கட்டில் கடைக்காரர், கூட வந்தவர்களில் உன் சித்தப்பாவும் ஒருவர், செருப்புக் கடை வைத்த நாளிலிருந்து அவர்தான் சங்கத்தில் செயலாளர். டீ குடித்து முடித்ததும் கட்டில் கடைக்காரர் சொன்னார், "உங்க மூணும் நல்லாருக்கு, நாலாவதா ஒண்ணு சேர்த்துக்கங்க. நடைபாதைக் கடை அத்தனையையும் எடுத்துடுறேன்னு சொல்லுங்க. சங்கத்து ஓட்டு, குடும்ப ஓட்டு, எல்லாம் உங்களுக்கு." அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சீப்பு விற்கிறவர், கைபேசி உறை விற்கிறவர், வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் என்று வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கடைக்குள் ஆள் எப்படி வரும். அம்மா சனிக்கிழமைவரை நேரம் கேட்டாள். அவர்கள் போனதும் நான், "இப்போதைக்குப் பார்க்கலாம்னு சொல்லி வையேன், ஜெயிச்ச பிறகு பார்த்துக்கலாம்" என்றேன். "நீங்க என்னைக்காவது ஒரு இரும்பை ஜெயிச்ச பிறகு பார்த்துக்கலாம்னு அரைகுறையாப் பத்தவச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

சனிக்கிழமை காலை சங்கத்தார் ஐவரையும் கடைத்தெருவுக்கே வரச் சொல்லிவிட்டாள். நடைபாதைக்காரர்களும் என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றார்கள். அரசாங்கக் கணக்குப்படி நடைபாதை எட்டடி. அதில் யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்துவிட்டு அப்புறம் யாரை எடுப்பது என்று பேசலாம் என்றாள். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, நம் மாடித் தையல்கூடத்திலிருந்து நடைபாதையில் இறங்கும் இரும்புப் படியிலிருந்தே ஆரம்பித்தாள். எனக்கு அது எதிர்பாராத அடி. "மூணடி ரெண்டு இஞ்ச்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். கட்டில் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து அவர் கடை. வெளியே போட்டிருந்த இரண்டு கட்டிலும் ஒரு பீரோவும் சேர்த்து ஐந்தடி. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பாவின் செருப்பு ஸ்டாண்டு இரண்டடி. சீப்புக்கார அக்கா இரண்டரை அடி, அந்த அம்மாள் உடனே பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு "இப்ப அளந்து பாருங்க" என்றாள், தெருவே சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணி, குடும்பத்தையே தெருவுல வச்சு அளக்குறீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அம்மா சொன்னது இதுதான்: நடக்கிறவர்களுக்கு ஐந்தடி, அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. சாலை ஓரத்து மூன்றடியில் நடைபாதைக் கடைகள் கோடு போட்டு உட்காரட்டும், ஒரு கடை வாசலுக்கு நேரேயும் இருக்கக் கூடாது. பெரிய கடைகள் தங்கள் சரக்கைத் தங்கள் சுவருக்குள் வைத்துக்கொள்ளட்டும். கட்டில் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல உங்க படியை வெட்டுங்க, அப்புறம் எங்க கட்டிலைப் பேசலாம்" என்றார். "வெட்டிடுவோம்" என்றாள் உன் அம்மா. டேப்பின் மறுமுனையில் நிற்கிற என்னை ஒரு பார்வை பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணு, அந்தப் படி உனக்குத் தெரியாததா. நீ ஐந்தாவது படிக்கும்போது பட்டறை விடுமுறை நாட்களில் நான் ஒருவனாகச் செய்தது. பதினாலு படி, கைப்பிடியில் கொடி மாதிரி வளைவு, ஒரு மூட்டில்கூடப் பத்தவைத்த தடம் கைக்குத் தட்டுப்படாது. பட்டறை முதலாளியே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவாய். என் வாழ்நாளில் எத்தனையோ கேட், எத்தனையோ ஜன்னல் செய்திருக்கிறேன், எல்லாம் அடுத்தவர் வீட்டுக்குப் போயின, இது ஒன்றுதான் நமக்கென்று நின்றது. அதை ஊர் நடுவில் வைத்து ஒரு வார்த்தையில் வெட்டிவிட்டாள். மூன்று நாள் நான் அவளிடம் பேசவில்லை. அவளும் சமாதானத்துக்கு வரவில்லை, ஆனால் என் தட்டில் முட்டையை மட்டும் இரண்டாக வைத்தாள், நான் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றை வீம்புக்கு விட்டுவைத்தேன்.

நாலாம் நாள் காலையில் நானாகவே கடைத்தெருவுக்குப் போனேன். வெட்ட இல்லை, பார்க்க. எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டேன். இத்தனை வருடத்தில் அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறேனே தவிர எதிரில் நின்று அதைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். படிக்கு முன்னால் வந்ததும் ஒவ்வொருவரும் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி, படியைத் தாண்டி, மறுபடி ஏறினார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை, பழகிவிட்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், உன் வயதுதான் இருக்கும். வண்டியின் முன்சக்கரத்தைச் சாலையில் இறக்கியதும் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது, அவள் வண்டியைச் சட்டென்று இழுத்து என் படியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். லாரி போய்விட்டது, ஒன்றும் ஆகவில்லை. அவளும் போய்விட்டாள். நீ அங்கே எந்தத் தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு போகப் போகிறாயோ, எந்தப் புத்திசாலி எந்த ஊரில் என்ன படி கட்டி வைத்திருக்கிறானோ என்று தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து விட்டுவைத்த முட்டை எங்கே என்று கேட்டேன். அம்மா எடுத்து வைத்தாள்.

அன்று மதியமே பட்டறையிலிருந்து கட்டிங் மெஷின் வாங்கி வந்து வெட்டினேன். மாடிக்குப் போக வழி வேண்டுமே, ஜெராக்ஸ் கடைக்குள்ளே ஒரு பழைய மரப்படி தாள் பெட்டிகளை அடுக்கி மூடிக் கிடந்தது. அதைத் திறந்துவிட அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். பதிலுக்கு விமான நிலையத்தை மட்டும் சேர்த்துவிடுங்கள் என்று கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தார், அம்மா அசையவில்லை. நான் வெட்டுவதைப் பார்க்க நல்ல கூட்டம். கட்டில் கடைக்காரர் தன் வாசலில் கைகட்டி நின்று கடைசிவரை பார்த்தார், கட்டிலை மட்டும் உள்ளே இழுக்கவில்லை. கொடி வளைந்த கைப்பிடியை வெட்டும்போது அம்மா மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். கீழே இறங்கி வந்து, கூட்டம் இருக்கிறதென்றும் பார்க்காமல், தன் முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்து, "உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்லியிருக்கணும்" என்றாள். இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். செருப்பு ஸ்டாண்டை உள்ளே இழுத்துவிட்டாராம். "வாசல் திறந்தாப்போல நல்லாத்தான் இருக்கு அண்ணி, ஆனா ஓட்டு யாருக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றார். "டீக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் கேட்டுக்கறேன் தம்பி" என்றாள் அம்மா.

சங்கம் சிமெண்ட் அண்ணனுக்குத்தான் ஆதரவு என்று அறிவித்துவிட்டது. சரி, முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். கடைசிக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில், ஆளுக்குப் பத்து நிமிடம். சிமெண்ட் அண்ணன் திரையில் ஐந்து மாடியைக் காட்டினார், பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அம்மா எழுந்து தன் மூன்றையும் அந்த ஐந்தடியையும் சொல்லி நாலு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பையன் எழுந்து, "அவர் வளாகத்துல ஐந்நூறு பேருக்கு வேலைங்கிறார், நீங்க எத்தனை பேருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டான். "நான் எண்ணிக்கை சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும் தம்பி," என்றாள். "ஆனா நூத்தி அறுபது கடைக்குப் போயிருக்கேன். அதுல எழுபது பேர் இன்னும் ஒரு ஆளோ ரெண்டு ஆளோ வேலைக்கு வச்சுக்க ரெடியா இருக்காங்க. உரிமம் வரல, வேலைக்கு வர்றவங்க வீட்டுக்குப் போகப் பஸ் இல்ல, பிள்ளைய விட இடம் இல்ல. அதைச் செஞ்சு குடுத்தா அவங்க குடுப்பாங்க வேலை, நான் இல்ல." பெரிய கைதட்டல் எல்லாம் இல்லை. ஆனால் அந்தப் பையன் உட்காராமல் நின்றபடியே எதையோ எழுதிக்கொண்டான்.

எண்ணிக்கை நாளன்று மதியம்வரை நானூறு ஓட்டுப் பின்னால் இருந்தோம். நான் வெளியே வேலி ஓரம் போய் நின்றுகொண்டேன், பார்க்க முடியவில்லை. கடைத்தெருவுக்கு வேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்கும் புறவழிச் சாலைப் பக்கத்துப் பெட்டிகள் திறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதாம். பொத்தான் தைக்கும் பெண்தான் ஓடி வந்தாள், செருப்புகூட இல்லாமல், "அங்கிள், நூத்தி நாப்பத்து மூணு" என்றாள். பின்னால் இருக்கிறோமா முன்னாலா என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆமாம் கண்ணு, உன் அம்மா ஜெயித்துவிட்டாள். சிமெண்ட் அண்ணன் அங்கேயே வந்து கைகூப்பினார், "அக்கா, அந்த அஞ்சு மாடிப் படத்தை நான் இப்ப என்ன பண்றது?" என்றார். "மரத்தை மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே, அது நமக்கு வேணும்" என்றாள். அவரும் சிரித்துவிட்டார், கண் மட்டும் கலங்கியிருந்தது. கட்டில் கடைக்காரர் இன்னும் கட்டிலை இழுக்கவில்லை, நேற்றுகூட அதே இடம்தான். அது இனிமேல் அம்மாவின் தலைவலி.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். பத்திரிகைக்காரர் ஒருவர் மைக்கை நீட்டி, உங்கள் முதல் முன்னுரிமை என்ன மேடம் என்று கேட்டார். ஒரே மேசை என்பாள், பேருந்து என்பாள் என்று எல்லாரும் நிற்கிறோம். "முதல்ல என் பொண்ணோட பிரசவம். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றாள். மண்டபமே கொல்லென்று சிரித்தது, சிமெண்ட் அண்ணன்தான் முதலில் கைதட்டினார். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் உட்கார்ந்து அழுதாள். மூன்று மாதம் உன்னோடு இருப்பதாக உனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் இல்லையா. பதவி ஏற்பு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. இந்த மாதம் இருபதாம் தேதி கிளம்பினால் பதினாறாம் தேதி இங்கே திரும்பிவிட வேண்டும். "மூணு மாசம்னு சொல்லிட்டு இருபத்தாறு நாள்னு எந்த வாயால சொல்லுவேன்" என்று நாலு நாளாகப் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். அதனால்தான் நான் எழுதுகிறேன், எழுதுவது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்ததும் நீயே அவளைக் கூப்பிடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பெருந்தன்மை காட்டாதே. பரவாயில்லம்மா, நான் சமாளிச்சுக்கறேன் என்று நீ சொன்னால் அவள் நம்பிவிடுவாள். கோபம் வந்தால் கோபப்படு, இன்னும் பத்து நாள் வேண்டும் என்றால் வேண்டும் என்று கேள். கேட்டால் பதவி ஏற்பைத் தள்ளி வைக்க வழி உண்டா என்று மூன்றாம் மேசைக்காரரிடம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ என்ன முடிவு சொன்னாலும் மூன்று மாதத்தில் மீதியை நான் இருந்து நிரப்பப் போகிறேன். டிக்கெட் இரண்டு எடுத்தாகிவிட்டது, எனக்குத் திரும்பும் தேதி போடவில்லை. சிரிக்காதே. சீருடைத் துணியை மூன்று கிலோவுக்குச் சுருட்டிக் கட்டி, தலை எது கால் எது என்று குறி வைத்து, எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படி ஏப்பம் விடவைப்பது என்று அம்மா தினமும் காலையில் எனக்குப் பாடம் நடத்துகிறாள். முதல் நாள் கீழே போட்டேன், இப்போது போடுவதில்லை. நீ பிறந்தபோது உன்னைத் தூக்க எனக்கு நாற்பது நாள் ஆனது, இதை உன்னிடம் சொன்னதில்லை. கையெல்லாம் தீப்பொறி பட்ட காய்ப்பு, பட்டால் உனக்குக் கீறிவிடும் என்று பயந்து தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நாள் அம்மா உன்னை என் கையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உனக்குப் பால் கொடுக்க அவள் ஓடி வரும்வரை உன்னைக் கீழே விட பயந்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், நீ ஒரு தடவைகூட அழவில்லை. இந்த முறை நான் நாற்பது நாள் காத்திருப்பதாக இல்லை. ஆஸ்பத்திரியில் முதலில் அம்மாதான் வாங்குவாள், மேயரோடு யார் சண்டை போடுவது. இரண்டாவது ஆள் நான் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வைத்துவிடு, அவர் வரிசையில் மூன்றாவதாக நிற்கட்டும்.

நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் பெரு வாழ்வு வாழ வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு, டீயோடு போடாதே, டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை எனக்கும் சொல்லியிருக்கிறார். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூப்பிடு, அந்த நேரம் நான் வேண்டுமென்றே கடைக்குப் போய்விடுவேன்.

இரண்டு கையையும் தயாராக வைத்திருக்கும்,
உன் அப்பா